பலகையில் போட்ட விலை

போன கிழமை நான் வேலை செய்த பழைய இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளில் ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். முன்கடைக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு விலையில் கழிவு கொடுத்து ஆட்களை இழுக்கிறார்களாம், நாங்கள் மட்டும் ஏன் பிடிவாதமாக நிற்கிறோம் என்று கேட்டார். ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதிவிட்டேன். மனுசி அலட்டுகிறாள் என்று நீங்கள் உங்களுக்குள் சிரித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் "அதிரடிக் கழிவு" என்று பதாகை கட்டி மோட்டார் சைக்கிள் விற்ற கடைகளை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். ஒன்றில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். இன்னொன்றில் கொத்துரொட்டி அடிக்கிறார்கள். மற்றதில் வாடகைக்கு என்று போட்ட அட்டை வெயிலில் வெளிறிப்போய்த் தொங்குகிறது. குறைத்து விற்றவன் வாழ்ந்திருக்க வேண்டும்தானே? ஏன் வாழவில்லை?

எங்கள் சனம் மோட்டார் சைக்கிள் வாங்குகிற சீரைப் பார்த்திருப்பீர்கள். வேறு ஊர்களில் ஒருத்தன் தனியாக வந்து வாங்கிக்கொண்டு போவானாம். இங்கே தகப்பன் வருவார், அத்தான் வருவார், "இவருக்கு இஞ்சின் தெரியும்" என்று ஒருத்தர் வருவார். சுவிஸிலிருந்து சித்தப்பா தொலைபேசித் திரைக்குள் இருந்து சைலன்சரைக் காட்டச் சொல்லுவார். வண்டி ஓடப்போகிற பிள்ளை மட்டும் ஒரு மூலையில் பேசாமல் நிற்கும். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு அத்தான்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பார். கேட்காவிட்டால் அவருடைய மரியாதை என்ன ஆவது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் கடையில் ஒரு பெண் நிற்பதே பெரிய புதினம். அப்போது எனக்கிருந்த முகாமையாளரின் பெயரைச் சொல்லமாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். பின்பக்கம் மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டால் எந்தச் சைஸ் ஸ்பானர் என்று சத்தத்திலேயே சொல்லுகிற காது அவருக்கு. ஆனால் கழிவு என்ற சொல் வந்தால் மட்டும் அந்தக் காது அடைத்துவிடும். "ஆ?" என்று கையைக் காதில் குவிப்பார். அத்தான்மார் இரண்டு தரம் உரத்துக் கேட்பார்கள். மூன்றாம் தரம் கத்த வெட்கப்பட்டு, "ஒண்டுமில்லை ஐயா, பில்லைப் போடுங்கோ" என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த பெரிய மனிதர் ஒருவர், இவருடைய வித்தை தெரிந்து, கேள்வியைக் கடதாசியில் எழுதியே நீட்டினார். எங்கள் ஐயா சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றார்.

அன்று பின்னேரம் நான் அவரைக் கேட்டேன். கொஞ்சம் குறைத்தால்தான் என்ன குறைந்துபோகும் என்று. அவர் சிரிக்கவில்லை.

"பிள்ளை, ஒருத்தனுக்குக் குறைச்சுக் குடுத்தால், மற்றவனிட்டைக் கூட வாங்கிப்போட்டன் எண்டுதான் கணக்கு. அவன் நாளைக்கு மோட்டச்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிக்கேக்கை நான் எந்த முகத்தோடை பாக்கிறது?"

நல்ல பேச்சு என்று நினைத்து அன்றைக்கே மறந்துவிட்டேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கு உறைத்தது நான் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு கோயில் முற்றத்தில்.

ஜெறோம் என்று ஒருவன் எனக்குக் கீழே விற்பனையில் நின்றான். குருநகர்ப் பக்கத்துப் பிள்ளை, கடற்தொழில் குடும்பம். நாக்கில் தேன். கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போகிறவரைக்கூட வாசலில் மறித்துச் சிரிக்கவைத்துத் திருப்பிக் கூட்டிவருவான். அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த வருசங்களில் எங்கள் கடையில் விற்க ஒன்றுமில்லை. துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தோம். மறுபடி திறந்துவிட்டபோது சனம் பஞ்சத்தில் அடிபட்டது மாதிரி ஓடி வந்தது. இதுதான் நேரம் என்று ஜெறோம் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புத்துறைப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டான். தகப்பன் விட்டுப்போன படகையும் இஞ்சினையும் விற்றுப் போட்ட கடை. அது விழுந்தால் திரும்பிப் போகக் கடலும் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

அவனுடைய திட்டம் சுலபமானது. பின்னால் பட்டறை இல்லை, மெக்கானிக் இல்லை, உதிரிப்பாகம் வைக்க அலுமாரி இல்லை, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிகூட இல்லை. கொம்பனி தருகிற இலாபத்தை இவை எல்லாம்தான் தின்னுகின்றன, இவற்றை வெட்டினால் மிச்சத்தைக் கழிவாகக் கொடுக்கலாம் என்றான். சேர்விஸ்? "அது எங்கையும் செய்யலாம் அக்கா, ஊர் முழுக்கக் கராஜ்" என்றான். ஸ்கூட்டர் வாங்க வருகிற பெண்கள் உங்களோடு கதைக்கக் கூச்சப்படமாட்டார்கள், காலையில் கொஞ்ச நேரம் வந்து இருங்கள் என்று கேட்டான். ஓய்வுபெற்று வீட்டில் இருந்து மனுசனோடு தொலைக்காட்சிக்குச் சண்டை பிடிப்பதைவிட இது நல்லது என்று நானும் போனேன்.

கடையில் ஒரு பலகை. ஒவ்வொரு மொடலுக்கும் விலை எழுதித் தொங்கியது. அந்த விலைக்கு அங்கே ஒருத்தரும் வாங்கி நான் காணவில்லை. ஆட்கள் விலையைக் கீழே இழுப்பார்கள், ஜெறோம் கொஞ்சம் விடுவான், திரும்ப இழுப்பார்கள். கடைசியில் அவன் மேசைக்கு மேலால் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒரு தொகை சொல்லுவான். "உங்களுக்கு மட்டும்தான் அண்ணை. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." அண்ணையும் தலையாட்டுவார். நல்லாய்ப் பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, கொஞ்சம் தெரிந்தவருக்கு ஒரு விலை. வீடு கட்டுகிற கொந்தராத்துக்காரர் ஒருவர் இரண்டு தரம் கோபித்துக்கொண்டு வெளியே போய், இரண்டு தரமும் திரும்பி வந்து, ஆகக் குறைந்த விலையைப் பிடுங்கிக்கொண்டு போனார். நான் ஜெறோமிடம் சொன்னேன், யாழ்ப்பாணத்தில் ரகசியம் சொல்லி வியாபாரம் செய்கிறவன் நீ ஒருத்தன்தான், கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதான் ஆகும் என்று. அவன் என் தோளைத் தட்டி, நீங்கள் பழைய ஆள் அக்கா என்றான். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அந்த நேரத்தில் கடை நிறைய ஆட்கள், என் பேச்சு எடுபடவில்லை.

ஜெறோம் கத்தோலிக்கன், அவனுடைய பங்குக் கோயிலில் திருநாள் வந்தது. எங்கள் சைவப் பக்கத்தில் புது வாகனம் எடுத்தால் பிள்ளையாருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு போவோம். அவர்களுக்குத் திருநாள் பூசை முடிந்ததும் புது வாகனங்களைக் கோயில் முற்றத்தில் வரிசையாக விடுவார்கள், பங்குக் குருவானவர், அவர்கள் சொல்லுகிற சுவாமி, வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஜெறோமுக்கு மூளையில் விளக்கெரிந்தது. பங்கில் தன்னிடம் வண்டிக்குப் பதிவு செய்திருந்த எல்லோருக்கும் திருநாளுக்கு முதல்நாளே வண்டியைக் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நிற ரிப்பன். ஒரே முற்றத்தில் தன்னுடைய கடை வண்டிகள் வரிசையாய் நின்றால் அதைவிட விளம்பரம் வேறென்ன என்று கேட்டான். விலை வேறு வேறாக வாங்கிய ஆட்களை ஒரே வரிசையில் தோளோடு தோள் நிறுத்துகிறாயே, கெட்டிக்காரா என்று நான் நினைத்தேன். அதற்குள் ரிப்பன் கட்டி முடிந்துவிட்டது.

நான் சைவக்காரி என்றாலும் திருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போகாமல் விடுகிற ஆள் இல்லை. போனேன். வண்டிகள் பளபளவென்று நின்றன. பூசை முடிந்தும் சுவாமி வரவில்லை, புனிதரின் சுருவம் தூக்கி வந்தவர்களோடு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. சும்மா நிற்கிற சனம் என்ன செய்யும்? கதைக்கும். புது வண்டிக்குப் பக்கத்தில் நின்று எதைக் கதைக்கும்?

கொந்தராத்துக்காரருடைய மச்சானும் ஜெறோமிடம்தான் எடுத்திருந்தார். அதே மொடல், அதே நிறம். "நீ எவ்வளவுக்கு எடுத்தனி?" என்று மச்சான் கேட்டார். கொந்தராத்துக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? சொன்னார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மச்சானின் முகம் கறுத்தது. அவர் அடுத்த வண்டிக்காரரைக் கேட்டார், அவர் அதற்கடுத்தவரைக் கேட்டார். வரிசையின் ஒரு நுனியில் தொடங்கிய கேள்வி மற்ற நுனிக்குப் போவதை நான் கண்ணால் கண்டேன்.

கோயில் முற்றம் என்றபடியால் ஒருத்தரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பயமில்லை, கத்தி முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் மெல்ல மெல்ல வந்து ஜெறோமைச் சுற்றி நின்றார்கள். மச்சான்தான் கதைத்தார்.

"எங்களுக்கும் அந்தக் குறைஞ்ச விலையைப் போட்டு மிச்சத்தைத் தா. இல்லாட்டி சுவாமி தண்ணி தெளிக்க முன்னம் இந்தா, திறப்பைப் பிடி."

வண்டிச் சாவியை நீட்டினார். பின்னால் நின்றவர்களும் சட்டைப்பைக்குள் கை விட்டார்கள்.

ஜெறோம் என்னைப் பார்த்தான். அந்தத் தேன் நாக்கு காய்ந்துபோய் நின்றது. எல்லோருக்கும் ஆகக் குறைந்த விலை என்று சொன்னால் அடுத்த மாதம் கடையைப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் திறப்புகள் இப்போதே திரும்பி வரும், கடையை இன்றைக்கே பூட்டலாம். இரண்டிலும் படகும் போச்சு, இஞ்சினும் போச்சு. அவன் சரி என்று சொல்ல வாயெடுப்பது எனக்குத் தெரிந்தது. அவனுடைய பாதத்தில் என் செருப்புக் காலை வைத்து நன்றாக அழுத்தினேன். வாயைத் திறக்காதே என்று பல்லுக்குள்ளால் சொன்னேன். பிள்ளைகளே, நெருக்கும்போது முதலில் வாய்க்கு வருகிற வாக்குத்தான் கடையை விற்கும். ஒரு நிமிசம் பேசாமல் நின்றதால் ஒரு கடையும் விழுந்ததில்லை. அந்த நிமிசத்தில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது என்பது வேறு விசயம்.

அப்போதுதான் யாரோ சம்மாட்டியார் பக்கம் திரும்பினார்கள். அவர் பெயர் மரியதாஸ், ஒரு காலத்தில் சொந்தத்தில் படகுகள் வைத்துத் தொழில் செய்தவர், அதனால் ஊருக்குச் சம்மாட்டியார். ஜெறோமுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். இவன் அவரை மாமா என்று கூப்பிடுவான். பூநகரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்து, வரிசையின் கடைசியில் அதற்குப் பக்கத்தில் பேசாமல் நின்றார். அவர் கடைக்கு வந்தது ஒரு பின்னேரம், நான் அப்போது இருக்கவில்லை.

"சம்மாட்டியாருக்கு எவ்வளவு? சொந்த ஞானப்பிள்ளை எல்லோ, சும்மாவே தூக்கிக் குடுத்திருப்பான்" என்றார் கொந்தராத்துக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பலகையிலை போட்டிருந்த விலை" என்றார் சம்மாட்டியார்.

"முழு விலையோ?"

"ஓம். நான் குறைக்கச் சொல்லிக் கேக்கேல்லை."

சிரித்த இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று சம்மாட்டியார் அவர்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"தேப்பன்ரை படகை வித்துப் போட்ட கடை. ஞானத்தேப்பன் நானும் நிண்டு பேரம் பேசினால் அவன் எதாலை சீவிக்கிறது?"

மச்சான் தன் கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். அந்த வரிசையில் சம்மாட்டியாரைத் தவிர ஒவ்வொருத்தரும் பலகை விலையில் குறைத்துத்தான் எடுத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் நின்று இன்னும் தா என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் முகமில்லை. திறப்புகள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் திரும்பிப் போயின. கொந்தராத்துக்காரர் தன்னுடைய வண்டியின் கண்ணாடியைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். அதற்குள் சுவாமியும் வந்து தீர்த்தத்தை வண்டிகளுக்கும் ஆட்களுக்கும் சேர்த்துத் தெளித்தார். ஜெறோமின் தலையில் நிறைய விழுந்தது, அவனுக்கு அது தேவைதான்.

ஆட்கள் கலைந்த பிறகு ஜெறோம் சம்மாட்டியாரிடம் போனான். கூட வாங்கிய காசை நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அது கிடக்கட்டும். மகள் ஒவ்வொரு நாளும் பூநகரிக்கு ஓடப்போறவள். சங்குப்பிட்டிப் பாலத்தடியிலை நிண்டுபோச்செண்டால் உனக்குத்தானே கோல் எடுக்கிறது?"

ஜெறோம் ஸ்கூட்டரில் தான் கட்டிய ரிப்பனைப் பார்த்தான். என்ன சொல்லுவான்? கடையில் ஒரு ஸ்பானர்கூட இல்லை. ஊர் முழுக்கக் கராஜ் என்று எனக்குச் சொன்ன பதிலை அவனால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

"பிள்ளை றோட்டிலை நிண்டால் நீ பாப்பாய் எண்டுதானே நான் முழு விலை தந்தனான்" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

ஜெறோம் கோயில் மதில் பக்கம் திரும்பி நின்று அழுதான். பழைய ஐயா சொன்னது அப்போதுதான் முழுக்க விளங்கியது. வெட்கக்கேடு, அத்தனை வருசம் அந்தத் தொழிலில் நின்றிருக்கிறேன்.

கழிவுக்கடை ஏன் நிலைக்காது என்று கேட்டீர்களே, இதுதான் என் பதில். கழிவு எப்போதும் உங்களை நம்பாதவனுக்குத்தான் போகிறது. அவன் இரண்டு தரம் கோபித்து, மூன்று கடை ஏறி இறங்கி, பிடுங்கிக்கொண்டு போவான். இன்னொருத்தன் இன்னும் குறைத்தால் அங்கே போவான், உங்களிடம் திரும்பி வரமாட்டான். நம்பி வருகிறவன் கேட்காமல் கொடுப்பான். அவன் தலையில்தான் எல்லோருடைய கழிவையும் கட்டுகிறீர்கள், அது தெரிந்த அன்றைக்கு அவனும் போய்விடுவான். வண்டி நின்றால் பார்ப்பதற்கு என்று வைத்திருந்த இலாபத்தையும் விற்கிற அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருப்பீர்கள். பிறகு உங்கள் கடைக்கு யார் வருவார்? நம்பர் பிளேட் வந்துவிட்டதா என்று கேட்டுச் சண்டை பிடிக்கிறவன் மட்டும்தான் வருவான்.

ஜெறோம் கடை வாசலில் கட்டியிருந்த கழிவுப் பதாகையைக் கழற்றினான். பின்பக்கத்துத் தகரக் கொட்டிலைத் திருத்தி ஒரு மெக்கானிக்கை வைத்தான். பலகையில் விலையைக் குறைக்கக்கூடிய அளவுக்குக் குறைத்து எழுதினான், அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதுதான். கேட்க நன்றாய் இருக்கிறது, ஆனால் அந்த மாதங்கள் லேசானவை இல்லை. அத்தான்மார் வந்து கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். சில காலைகளில் கடையில் நானும் அவனும் மேசையில் மொய்த்த இலையான்களும்தான். படகை விற்ற காசு பற்றி அவன் மனைவி என்னிடம் கேட்டபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாக, சேர்விஸுக்கு வந்தவர்கள் தங்கைக்கு எடுக்க வந்தார்கள், தங்கையோடு படிப்பிக்கிறவர்கள் வந்தார்கள். சம்மாட்டியாரின் மகளே பூநகரிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்களை அனுப்பினாள். அத்தான்மார் போன அந்த அடுத்த கடையில்தான் இப்போது கொத்து அடிக்கிறார்கள். கொந்தராத்துக்காரர் அங்கேதான் வாங்குகிறாராம். கொத்துக்கும் பேரம் பேசுகிறார் என்று கேள்வி.

அண்மையில் ஒருநாள் காலை நான் கடையில் இருக்கும்போது சம்மாட்டியார் தன் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கதிரையில் உட்காரவில்லை. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜெறோமைப் பார்த்து, பழக்கமில்லாத ஒரு குரலில் கேட்டார்.

"இந்தமுறை எனக்கு எவ்வளவு குறைப்பாய்?"

உலகத்தில் யாருக்காவது குறைக்க வேண்டுமென்றால் இந்த மனிதருக்குத்தான் குறைக்க வேண்டும். ஜெறோமின் காது மடல் சிவந்தது. பிறகு, நான் எப்போதோ சொல்லிச் சிரித்த பழைய ஐயாவின் கதையை நினைவில் வைத்திருந்து, கையைக் காதில் குவித்தான்.

"என்ன மாமா? விளங்கேல்லை."

சம்மாட்டியார் திரும்பவும் கேட்டார், கொஞ்சம் உரத்து. ஜெறோமின் கை காதிலிருந்து இறங்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. பிறகு அந்தக் கிழவர் வாய்விட்டுச் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிரித்து முடித்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, மருமகனிடம் சொன்னார்:

"எடு ராசா. இஞ்சை பயப்பிடாமல் எடுக்கலாம்."